ஆளில்லாத வீட்டின் இசை

அன்புள்ள ரேடியோவுக்கு,

அப்பாவின் முழங்காலையும் என் வண்டியின் கிளட்ச்சையும் தவிர இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் விரல்களும் நலமாக இருக்க வேண்டும். குளிரில் விரல் விறைத்துப்போகிறது, எந்தக் கட்டையை அழுத்துகிறேன் என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். கையுறை போட்டுக்கொண்டு வாசிக்க முடியாதா? முடியாதென்றால் சிரிக்காதே. தெரியாதவன் கேட்கிறேன்.

"மாஸ்டர், இந்தக் காலத்துலயும் ஸ்டாம்ப் ஒட்டுற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்று தபால்காரர் கேலி செய்கிறார். போனில் நான் "சாப்பிட்டியா"வைத் தாண்டுவதில்லை, நீ "ம்"மைத் தாண்டுவதில்லை. பேனா பிடித்தால்தான் எனக்கு வாய் திறக்கிறது. இருக்கட்டும், ஆளுக்கொரு கோளாறு.

உன் அடுத்த ஆல்பத்துக்கு நீ கேட்ட ஒலிப்பதிவுகள் இத்துடன் உள்ள மெமரி கார்டில் இருக்கின்றன. சமையலறை, மாடிப்படி, மொட்டை மாடியில் காயும் துணி, பயிற்சி வண்டியின் உட்புறம், நீ விட்டுப்போன பின்னறை. நீ சொன்னபடி ரெக்கார்டரை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கத்தான் பார்த்தேன். மனிதர்கள் விட்டால்தானே! சமையலறையில் குழாய் சொட்டுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது அப்பா வந்து, "யாருடா அடுப்புகிட்ட போனை வச்சது, வெடிச்சுத் தொலைக்கப்போகுது" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அச்சகத்து இயந்திரங்களுக்கு நடுவே காலமெல்லாம் நின்ற காது. தனக்குக் கேட்காததால் ஊருக்கும் கேட்காது என்று நினைக்கிறார். மாடிப்படியில் கீழ்வீட்டு அக்கா ஏறி வந்து, "என்ன தம்பி, படிக்கட்டுல உக்காந்து யாருக்குக் காத்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். அதுவும் பதிவாகியிருக்கிறது.

வண்டிப் பதிவில் வங்கி அதிகாரியம்மா ஒருவர் ஓட்டுகிறார். கோடிக்கணக்கில் கடன் கொடுக்கிற அம்மா, கியரைக் கண்டால் நடுங்குகிறார். "மாஸ்டர், இது விழ மாட்டேங்குது" என்று அவர் புலம்புவதும், "கிளட்ச்சை மிதிங்கம்மா, ஐயோ அது பிரேக்கு" என்று நான் அலறுவதும்தான் அதில் பாதி. உனக்கு வேண்டியது இண்டிகேட்டர் சத்தம் என்று தெரியும். அதற்காக எங்கும் திரும்பாமலே இண்டிகேட்டரைப் போட்டுவைத்தேன். பின்னால் வந்தவர்கள் திட்டியதும் உள்ளே இருக்கும். பொறுத்துக்கொள்.

கடைசிப் பதிவு நம் வாலுவுடையது. "ஒன்பதாவது படிக்கிறேன், இன்னும் வாலுன்னு கூப்பிடாதீங்கப்பா" என்கிறாள். வேறு பெயர் என் வாயில் வரவில்லை. முதலில் ரெக்கார்டரைத் தொடவே மாட்டேன் என்றவள், நான் கார்டை உறையில் போடப்போன நேரத்தில் வந்து பிடுங்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. ஜலதோஷமாம். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. அது உனக்கு. கேட்டுவிட்டு அவளுக்கே பதில் சொல்.

பள்ளியில் பெற்றோரின் தொழில் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களாம். என் தொழிலை எழுதுவாள் என்று நினைத்தேன். "டிரைவிங் மாஸ்டர்னா எல்லாருக்கும் தெரியும்பா. அம்மா எப்படி இப்படி ஆனாங்கன்னு சொல்லுங்க" என்றாள். 'இப்படி' என்றால் எப்படி என்று நான் கேட்கவில்லை. சொன்னேன். நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்து.

நீ என்னிடம் வண்டி கற்க வந்ததிலிருந்து தொடங்கினேன். வெயில் கொளுத்தும் நாளில் வைப்பரைப் போட்டுவிட்டு, "நிறுத்தாதீங்க மாஸ்டர், நல்லா இருக்கு" என்றவள் நீ. தேர்வில் தவறிக்கொண்டே இருந்தாய். பார்க்க வேண்டிய இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் யார் தேற முடியும்? அப்போது நீ வானொலி நிலையத்தில் விளம்பரங்களை வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தாய். ஒரு சோப்பு விளம்பரத்தில் மூன்று நொடி மட்டும் ஒரு மணி ஒலிக்கும். வேலை முடிந்தபின் அதைக் கணினியில் போட்டு இழுத்து இழுத்து முக்கால் மணி நேரப் பாட்டாக்கினாய். உன் மேலாளர் கேட்டுவிட்டு, "இதுக்குள்ள குளிச்சு, தலை துவட்டி, தூங்கியே எந்திரிச்சிடலாம்மா" என்றார். நீ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாய். அந்தத் துணிச்சலுக்காகத்தான் உன்னைக் கட்டிக்கொண்டேன் என்றேன். வாலு சிரித்தாள்.

எதிரொலி அடங்கப் பின்னறைச் சுவரில் ஒட்ட முட்டை அட்டை கேட்டுப் போனபோது முட்டைக்கடைக்காரர் நாம் திருட்டுத்தனமாகக் கோழிப்பண்ணை நடத்துகிறோம் என்று சந்தேகப்பட்டதையும் சொன்னேன். வேறொருவர் வாசித்துத் தேய்த்த சிந்தசைசர் கீபோர்டை வாங்கி வந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல் பஞ்சு வைத்துத் துடைத்தாயே, அதையும். முதல் ஆல்பத்தை இணையத்தில் போட்டபோது கேட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதிலும் பாதி நான்தான், வெவ்வேறு போன்களில். அப்பா தரை அதிர்வதை உணர்ந்து வாசலில் நின்று, "மருமக பாட்டுப் போட்டிருக்கா, இல்ல பிரிட்ஜு கெட்டுப்போச்சா?" என்று கேட்பார். நீ கோபப்படாமல், "ரெண்டும்தான் மாமா" என்பாய்.

அந்த நூலக அரங்கில் நடந்த கச்சேரியைச் சொல்லாமல் விடுவேனா? நாற்காலிகள் முக்கால்வாசி காலி. நடுவில் மின்சாரம் போனது. பாட்டு நின்றுபோனது சிறிது நேரம் யாருக்குமே தெரியவில்லை. தெரிந்தபின் நீ எழுந்து ஓடிவிடுவாய் என்று பயந்தேன். நீ அப்படியே உட்கார்ந்திருந்தாய். முடிந்தபின் ஒரு பல் மருத்துவர் வந்து, "ஃபேனும் நின்னு போச்சே, அந்த அமைதியையும் நீங்கதான் போட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். அவர் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் உன் பாட்டு ஓட ஆரம்பித்தது. பல் வலியோடு வந்தவர்கள் தூங்கிப்போனார்கள். ஊரில் உன் முதல் ரசிகர்கள் கன்னம் வீங்கியவர்கள்தான்.

அங்கிருந்துதான் ஒவ்வொன்றாக வந்தது. கடல் தாண்டி இருந்த ஒரு சின்ன இசைத்தட்டு நிறுவனம் எழுதியது. இரண்டாவது ஆல்பம் அங்கே வானொலியில் ஓடியது. பிறகு அந்த அழைப்பு: ஒரு வருடம் தங்கி வேலை செய்யலாம், பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றை ஸ்டுடியோவாக மாற்றியிருக்கிறோம், உள்ளே ஒருமுறை கைதட்டினால் ஓசை அடங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்று. அதைப் படித்தபோது உன் முகம் இருந்த இருப்பை வாலுவிடம் சொல்லத் தெரியவில்லை. "போயிட்டு வா" என்று நான் சொன்னதை மட்டும் சொன்னேன். ஒரு வருடம் இரண்டானது, இரண்டு மூன்றாகப் போகிறது, அதைச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கே தெரியும்.

"உக்காந்து கேக்குற பாட்டு இல்ல, நமக்குள்ள வந்து உக்காந்துக்கிற பாட்டு" என்று நீ ஒருமுறை சொன்னதைத்தான் கட்டுரையின் கடைசி வரியாக எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையில், "கற்பனை நன்று" என்று போட்டுக் கொடுத்திருக்கிறார்.

விடுமுறைக்கு வருவாயா என்று வாலு கேட்கச் சொன்னாள். நான் கேட்கவில்லை. உன் வேலை எப்படியோ அப்படி. காதை மூடிக்கொண்டு வெளியே போ, குளிர் முதலில் காதில்தான் இறங்கும்.

இப்படிக்கு,
உன் மாஸ்டர்

*

அன்புள்ள உனக்கு,

உன் புதிய இசைத்தட்டு வந்து சேர்ந்தது. உறையில் 'வீடு' என்று நம் எழுத்தில் போட்டிருந்தாய். அப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அச்சு நன்றாக வந்திருக்கிறது, மை சீராக இருக்கிறது என்றார். அவருக்குத் தெரிந்த பாராட்டு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு பின்னறையைப் பெருக்கி, பாய் விரித்து, மூன்று பேரும் உட்கார்ந்தோம். அப்பா வழக்கம்போல அதிர்வைப் பிடிக்க ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். கார்டில் அனுப்பிய தன் குரலும் பாட்டில் வரும் என்று வாலு தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டுக் கேட்பதற்கு எதற்கு அலங்காரம் என்று கேட்கப்போய் வாயை மூடிக்கொண்டேன்.

பொய் சொல்ல மாட்டேன், நீ இதுவரை செய்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். குழாய் சொட்டுவது தெரிந்தது. மேல்படியில் காலை வைத்தால் வரும் முனகல் தெரிந்தது. ஈரத்துணி காற்றில் அடித்துக்கொள்வதை நீ இறக்கை போலாக்கியிருந்தாய். என் வண்டியின் இண்டிகேட்டர் அப்படி அழும் என்று இத்தனை வருடம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாது. கண்ணை மூடினால் வீட்டுக்குள் இன்னொரு வீட்டில் நடப்பது போல் இருந்தது.

ஆனால் அந்த வீட்டில் யாரும் இல்லை.

அப்பாவின் கத்தல் இல்லை. கீழ்வீட்டு அக்கா இல்லை. வங்கியம்மா இல்லை. நான் இல்லை. மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் துடைத்து எடுத்திருந்தாய். நீ விளம்பரம் வெட்டிய கை அல்லவா, வெட்டிய இடமே தெரியவில்லை. உறைக்குள் அங்கத்துப் பத்திரிகையில் வந்த பாராட்டை வைத்து அனுப்பியிருந்தாயே, அதை வாலு எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். 'ஆளில்லாத ஒரு வீட்டின் தியானம்' என்று எழுதியிருக்கிறார்களாம். "யாரு சொன்னது ஆளில்லன்னு? நாங்க என்ன பேயா?" என்றார் அப்பா. நான் சிரித்தேன். வாலு சிரிக்கவில்லை.

எங்களை வெட்டியதற்கு எனக்கு வருத்தம் இல்லை. நான் அலறுவதைக் காசு கொடுத்து யார் கேட்பார்கள்? வாலுவின் விஷயம் அப்படி இல்லை. ஒவ்வொரு பாட்டும் முடியும்போதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்ததில் இருக்கும், அடுத்ததில் இருக்கும் என்று. கடைசிப் பாட்டும் ஓய்ந்தது. தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

பிறகு, "நான் பேசினதை அம்மா கேட்டாங்களாப்பா?" என்றாள்.

கேட்டிருப்பாள் என்றேன். எனக்கு எப்படித் தெரியும்? "கேட்டிருந்தா பதில் வந்திருக்கும். தூசின்னு நினைச்சுத் துடைச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினாள். அன்றிலிருந்து நீ போன் செய்தால் அவளுக்குப் பரீட்சை, தலைவலி, குளியல். உனக்கே தெரிந்திருக்கும்.

உன் கலையைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. இது அதைப் பற்றி அல்ல. அந்தப் பதிவை நீ கேட்டாயா, இல்லையா? கேட்டும் பதில் சொல்லவில்லையென்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்புகிறேன். கேட்கவே இல்லையென்றால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே கேள். நான் இதுவரை உன்னிடம் எதையும் கட்டாயப்படுத்தியதில்லை. இதைக் கட்டாயமாகச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
வாலுவின் அப்பா

*

என் அன்புள்ள ரேடியோவுக்கு,

உன் கடிதம் வந்தது. வாலுவுக்கு நீ அனுப்பியதும் வந்தது. வீட்டில் நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு நிம்மதி, எனக்கும்.

முதலில் உன் கடிதம். வண்டியிலேயே உட்கார்ந்து படித்தேன். அடுத்த மாணவர் வந்து கண்ணாடியைத் தட்டும்வரை படித்தேன். "அம்மான்னு ஆரம்பிச்சா மாஸ்டர். அதுக்கு மேல கேக்க முடியல, நிறுத்திட்டேன். முழுசாக் கேட்டிருந்தா அன்னைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்" என்று எழுதியிருந்தாய். மற்றவர்களின் குரலையும் அதனால்தான் வெட்டினாயாம். மாமா கத்தும்போது எழுந்துபோய் அடுப்பைப் பார்க்கத் தோன்றியதாம். நான் "ஐயோ" என்றபோது உன் வலது கால் தானாக பிரேக்கைத் தேடியதாம். அந்தக் குரல்களை வைத்துக்கொண்டு ஒரு வேலையும் ஓடவில்லை, அவற்றை எடுத்த பிறகுதான் அழாமல் வாசிக்க முடிந்தது என்று எழுதியிருந்தாய்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எங்களைக் கேட்காமலே துடைத்திருப்பாய் என்று நினைத்தேன். கேட்க முடியாமல் துடைத்தாய் என்று தோன்றவே இல்லை. கற்றுக்கொள்ள வந்தவர் வண்டியை எடுக்கலாமா என்று கேட்டபோது, "கொஞ்சம் இருங்க" என்று இறங்கிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இனி வாலு. பதிவைக் கடைசிவரை கேட்டுவிட்டு நீ போன் செய்தபோது இந்தத் தடவை குளியல் சாக்கு சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே முதலில் சண்டை. அப்புறம் ஒரே அழுகை. நான் கதவருகே போய் நின்றேன், ஒட்டுக்கேட்கவில்லை, சும்மாதான் நின்றேன். அப்புறம் அவள் சிரித்தாள். அப்பாவுக்குச் சாப்பாடு போட வேண்டுமே என்று நினைவு வந்து அங்கிருந்து நகர்ந்தேன்.

பதிவில் என்ன பேசினாள் என்று அன்று சாயங்காலம் அவளே சொன்னாள். உன்னைத் திரும்பி வரச் சொல்லியிருப்பாள் என்றே இவ்வளவு நாளும் எண்ணியிருந்தேன். அவள் அதைக் கேட்கவே இல்லையாமே! "உன் பாட்டுல காத்து இருக்கு, தண்ணி இருக்கு, எல்லாம் இருக்கு. நீ மட்டும் இல்ல. காலையில நீ என்னை எப்படி எழுப்புவன்னு நினைச்சுப் பாக்குறேன், வார்த்தை ஞாபகம் வருது, குரல் வரமாட்டேங்குது. ஒரு தடவை எழுப்பி அனுப்பும்மா" என்று கேட்டிருக்கிறாள். குழந்தை கேட்டது அவ்வளவுதான். நாம் இருவரும் அதைப் பார்த்து என்னமாய் பயந்திருக்கிறோம், நீ அங்கே, நான் இங்கே.

நீ அனுப்பிய பதிவு மறுநாள் காலையில் அவள் போனில் வந்திருந்தது. என்னைக் கூப்பிட்டு, "அப்பா, ஸ்பீக்கர்ல போடுங்க" என்றாள். போட்டேன். அந்தத் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று கூப்பிட்டிருக்கிறாய் போலிருக்கிறது. "வாலு, எந்திரி. மணியாச்சு. எந்திரிடி, பஸ்ஸு போயிடும்" என்று நீ கத்த, அது போய்ச் சுவரில் மோதி, போய்ப் போய்த் திரும்பி வர, ஒரே வீட்டில் பத்து அம்மா கத்துவது போல் இருந்தது. எழுந்து குளித்துச் சீருடையில் இருந்த வாலு, மறுபடி போய்ப் படுத்துப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். உன் பாட்டு முழுதும் முடிந்தபிறகுதான் எழுந்தாள். பஸ் போய்விட்டது. நான்தான் பயிற்சி வண்டியில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

அப்பா கூடத்திலிருந்து, "யாருடா இப்படிக் கத்துறது? நம்ம மருமகளா? வந்துட்டாளா?" என்று எழுந்து வந்துவிட்டார். இல்லைப்பா, பாட்டு என்றேன். "இத்தனை வருஷத்துல அவ போட்டதுல இது ஒண்ணுதான் எனக்குக் கேட்டிருக்கு. இதையே தொடர்ந்து போடச் சொல்லு" என்றார். பிறகு வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

நீ கேட்ட முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் மூன்று வருடம் அந்த ஸ்டுடியோவை உன் பொறுப்பில் விடுகிறார்கள், உன் பெயரில் இசைத்தட்டு வரும், ஊர் ஊராக வாசிக்கலாம் என்று எழுதியிருந்தாய். "நீங்க வேண்டாம்னா வேண்டாம் மாஸ்டர், மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்" என்று முடித்திருந்தாய். வீட்டில் பேசினோம்.

வாலு யோசித்துவிட்டு, "அம்மா வந்துட்டு, அந்தப் பின்ரூமுல உக்காந்து இவங்களுக்காக விட்டுட்டு வந்துட்டோமேன்னு நினைச்சா எனக்குப் பிடிக்காது. அங்க இருக்கட்டும். ஆனா லீவுக்குக் கண்டிப்பா வரணும், காலையில தினமும் எழுப்பணும். அங்க மணி என்னவா இருந்தாலும் சரி" என்றாள். எப்போது வளர்ந்தாள் என்று தெரியவில்லை. நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்.

அப்பாவிடம் போய்க் காதருகே விளக்கினேன். "அவ போகட்டும்டா. பத்திரிகையில போடுற அளவுக்கு ஒருத்தி நம்ம வீட்டுல இருக்கா. வேணும்னா நாமளும் போயிடலாம். எனக்கென்ன, எந்த ஊர்ல இருந்தாலும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல, ஒரு ஸ்வெட்டர் மட்டும் வாங்கிக் குடு" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று பார்த்தால், அடுத்த நாள் கீழ்வீட்டு அக்காவிடம் கம்பளி எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறார்.

ஆகவே ஒப்புக்கொள். கையெழுத்துப் போடு. வெறும் மணியோசையை இழுத்து இழுத்து நீயே கட்டிய பாதை இது, நடுவழியில் இறங்க வேண்டாம். விடுமுறைக்கு வரும் நாளை மட்டும் சீக்கிரம் சொல். பின்னறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன். முட்டை அட்டை ஒட்டிய சுவரைத் தொடவில்லை.

வாலு சம்மதித்துவிட்டாள். அப்பா சம்மதித்துவிட்டார். என்னை மட்டும் கேட்காதே. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். உன் விரல்கள் சூடாக இருக்கட்டும்.

என்றும்,
உன் மாஸ்டர்